நடுக்கடலில் திரும்பிய கப்பலும் நாற்பத்தெட்டு மாங்கன்றுகளும்

கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது என் கைக்கடிகாரத்தில் மாலை 4.35. புதன்கிழமை, 1986 செப்டம்பர். போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். அறுபது மணி நேரத்தில் சேரும் என்றார்கள். ஓசூரில் இயந்திர உதிரி பாகங்களை அளந்து சரிபார்ப்பது என் வேலை. பத்து நாள் விடுப்பில் அந்தமானில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் புறப்பட்டிருந்தேன்.

கீழ்த்தளத்தில் எதிர்ப் படுக்கை கரீம் பாயுடையது. எங்கள் பக்கத்துக் குருபரப்பள்ளிக்காரர், லாரி ஷெட்டில் மூட்டை தூக்குபவர். அவருடைய படுக்கையில் அவருக்கு இடமில்லை. நான்கு கூடைகளில் நாற்பத்தெட்டு ஒட்டு மாங்கன்றுகள், ஒவ்வொன்றின் வேரிலும் வைக்கோல் சுற்றிய மண் உருண்டை. பாய் தரையில் படுத்தார்.

"மச்சானுக்கு அங்க ரெண்டு ஏக்கரா நெலம் சார். இதுங்க புடிச்சிக்கிச்சின்னா நானும் அங்கயே நர்சரி போட்டுக்குவேன். இல்லாட்டி மறுபடி மூட்டைதான். முதுகு இனிமே தாங்காது."

செவ்வாய் காலையே கட்டிய கன்றுகள். தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தால் ஐந்து நாள் தாங்கும் என்றார்.

வியாழன் காலை 5.50க்குச் சூரியன் கப்பலின் முகப்புக்கு நேராக எழுந்தது. கிழக்கே போகிறோம், சரி. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மாலை 4.10க்கு மேல்தளத்துக்கு ஏறியபோது சூரியன் மறுபடியும் முகப்பில் இருந்தது.

முதலில் கடிகாரத்தைச் சந்தேகித்தேன். பிறகு, நான்தான் பின்பக்கத்தை முகப்பு என்று நினைக்கிறேனோ என்று கப்பலின் நீளம் முழுக்க நடந்து பார்த்தேன். முகப்பு முகப்பாகவே இருந்தது. மாலைச் சூரியன் மேற்கில்தான் இருக்கும். அப்படியானால் கப்பல் மேற்கே, வந்த வழியே போகிறது.

ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏதோ சொன்னார்கள். காற்றிரைச்சலில் "தவிர்க்க முடியாத காரணம்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. ஒருவர் புயல் என்றார், ஒருவர் இன்ஜின் கோளாறு என்றார். யாரையோ தேடிப் போலீஸ் திருப்பச் சொல்லிவிட்டது என்றார் இன்னொருவர். மூன்றையும் நோட்டில் எழுதினேன். எதையும் தவறென்று அடித்துவிட முடியவில்லை. எங்கள் நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றால் அரை மைல் முன்னால் நடந்து போய் என்னவென்று பார்த்து வரலாம். இங்கே எங்கே இறங்கி நடப்பது?

5.00 மணிக்கு நல்ல தண்ணீர்க் குழாய்களை மூடினார்கள். பயணம் எத்தனை நாள் நீளும் என்று தெரியாததால் இனி சமைக்கவும் குடிக்கவும் மட்டும், ஆளுக்குக் காலையும் மாலையும் ஒரு பாட்டில். குளிக்கவும் துவைக்கவும் கடல்நீர்.

"உப்புத் தண்ணி பட்டா செத்துப்புடும் சார். எவன்யா இந்தக் கப்பல ஓட்டுறவன்? அவனைக் கூட்டியாந்து நம்மூரு டவுன் பஸ்ஸு ஓட்ட உடணும்!"

அன்று தன் பாட்டில் முழுவதையும் பாய் கன்றுகளுக்குத் தெளித்தார். என் பாட்டிலில் பாதியைக் கொடுத்தேன். நாற்பத்தெட்டு உருண்டைக்கு அது எந்த மூலைக்கு?

வெள்ளி காலை 6.00. சூரியன் மீண்டும் முகப்பில்! நாங்கள் உறங்கியபோது கப்பல் கிழக்கே திரும்பியிருக்கிறது. ஏன் போனோம், ஏன் வந்தோம் என்று எங்கள் தளத்தில் ஒருவருக்கும் தெரியாது. குழாய்கள் திறக்கவில்லை. இரண்டு கூடைகளில் இலைகள் தொங்கியிருந்தன.

9.15க்குச் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். சமையலறைக்குள் ஒருவர் இன்னொருவரைத் தெலுங்கில் திட்டுவது கேட்டது. எங்கள் பக்கத்தில் தெலுங்கு பேசாதவர் குறைவு. பாய் கழுத்தை உள்ளே நீட்டினார்.

"ஏம் பாபூ, பிய்யம் கடிகின நீள்ளு ஏம் சேஸ்தாரு?"

அரிசி கழுவிய தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளே இருந்த அப்பாராவ், ஸ்ரீகாகுளத்துக்காரர், சிரித்துவிட்டார். கடலில் கொட்டுகிறார்களாம். இரண்டு வேளையும் ஒவ்வொரு வாளி பாய்க்கு என்று முடிவாயிற்று. வாளியைக் கொடுக்கும்போது, நாங்கள் திரும்பிப் போன காரணத்தையும் அவரே சொன்னார். பின்னால் வந்த சரக்குக் கப்பலில் ஒரு மாலுமிக்கு நெஞ்சுவலி. அந்தக் கப்பலில் டாக்டர் இல்லை, எங்கள் கப்பலில் இருக்கிறார். வியாழன் இரவு டாக்டர் படகில் போய், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் நோட்டைத் திறந்து மூன்று காரணங்களையும் அடித்தேன். பாய் வாளியைப் பிடித்தபடி நின்றார்.

"ஆளு பொழைச்சானா?"

அப்பாராவுக்கும் தெரியவில்லை. பாய் அதற்குப் பிறகு கப்பல் ஓட்டுபவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

சனி மாலை 5.45க்குப் போர்ட் பிளேர். பதின்மூன்று மணி நேரம் தாமதம். என் தம்பியும் பாயின் மச்சானும் கரையில் காத்திருந்தார்கள். பாய் அங்கேயே குந்தி, ஒவ்வொரு கன்றின் தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, அது ஒரு பக்கம். நாற்பத்தொன்று பச்சை. ஏழு பழுப்பு.

அப்போது மருந்துப் பெட்டியுடன் டாக்டர் படியிறங்கி வந்தார். பாய் கைமண்ணோடு எழுந்து ஓடினார். "சார், நீங்க கேளுங்க, அந்த மாலுமி?" என்றார் என்னிடம்.

ஆங்கிலத்தில் கேட்டேன். நாங்கள் பிரியும்போது உயிர் இருந்தது, அந்தக் கப்பல் சென்னைக்குத் திரும்பிவிட்டது, அதன்பின் தகவல் இல்லை என்றார் டாக்டர். பாய்க்குத் தமிழில் சொன்னேன்.

பாய் தலையாட்டினார். திரும்பிப் போய், பழுப்பாக இருந்த ஏழு கன்றுகளையும் எடுத்துக் கூடையில் வைத்தார்.

"காஞ்சதை ஏம்ப்பா சொமக்கிற?" என்றார் மச்சான்.

"ஒரு வாரம் தண்ணி ஊத்திப் பாக்கலாம். தூக்கு."