எட்டாவது சோளம்

வெயிலில் மெழுகுதிரி ஏற்றினால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. நுனியில் காற்று நெளிவதை மட்டுமே பார்க்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், சான்ட்ரிங்ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டு ரீச்சர், தெருவைப் பார்த்த முன்முற்றத்துப் புல்லில் பாய் விரித்து, நடுவில் ஒரு கறுப்பு, இருபுறமும் சிவப்பும் பச்சையுமாகத் திரிகளை ஏற்றியபோது அப்படித்தான் இருந்தது. 1986 டிசம்பர் 31, புதன்கிழமை, பின்னேரம்.

ரீச்சர் கறுப்பின அமெரிக்கர். பண்டிகையின் பெயர் குவான்சா. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை நாளுக்கொரு திரி. ஆபிரிக்க வம்சாவளியினர் 1966இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆக்லாந்தில் அப்போது ஆபிரிக்கக் குடும்பங்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அவர் பிடித்தது சாம்பியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை. பந்தி நிறையவேண்டுமென்று எங்களையும் அழைத்தார்.

முதலில் கேட்டது ஒரு மண்டபத்தை. அங்கிருந்த செயலாளர், "இருபது வயதுப் பண்டிகையா?" என்று சிரித்துவிட்டு, பலகையில் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் விருந்து என்று போட்டால் தரலாம் என்றிருக்கிறார். "என் மகளுக்கு ஒன்பது வயது. அவளைவிட இது மூத்தது, அது போதும்" என்று சொல்லிவிட்டு ரீச்சர் வந்துவிட்டார். அந்த மகள் பள்ளிக்கூடத்தில், விடுமுறையில் உங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைத்தான் ரீச்சரால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளே ஐந்து நாள் ஏற்றியாயிற்று. ஆறாம் நாள் விருந்து தெருவுக்குத் தெரியவேண்டும் என்றார். நாள் கிழமை பார்த்துக் குறித்துவைக்கிற நான் இதையும் சொல்லவேண்டும்: எல்லாப் பண்டிகைக்கும் ஒரு முதலாம் ஆண்டு இருந்திருக்கிறது. எழுதிவைக்க ஆளில்லாததால் அவை பழையவையாகிவிட்டன, அவ்வளவுதான்.

காற்று திரிகளை அணைத்துக்கொண்டே இருந்தது. "இஞ்சேருங்கோ, உள்ளுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கோ, இது நிக்காது" என்றாள் மனைவி. நான் சொன்னேன். "உள்ளே போனால் அந்தச் செயலாளர் வென்றுவிடுவார்" என்றார் ரீச்சர். மனைவி முணுமுணுத்துக்கொண்டே சேலைத் தலைப்பை விரித்துக் காற்றுக்கு முதுகுகொடுத்து நின்றாள். "கறுப்பை ஏன் முதலில கொளுத்திறியள்?" என்று என் மூலம் கேட்டாள். "அது நாங்கள். நாங்கள் இல்லாமல் மற்றத் திரிகள் எதற்கு?" என்றார் ரீச்சர். வேகம் குறைத்துப் போன காரிலிருந்து ஒருவன், கிறிஸ்மஸ் முடிந்துவிட்டது என்று கத்தினான். "எங்களுக்கு இன்னும் இருக்கிறது, இறங்கி வா, சாப்பிடு!" என்று ரீச்சர் திருப்பிக் கத்தினார். சாம்பியாக்காரர் சிரித்த சிரிப்பில் கார் பறந்துவிட்டது.

பிறகு சோளம். பிள்ளைக்கு ஒரு கதிர் என்பது அவர்கள் வழக்கம். காய்ந்த கதிரைக் கையில் எடுத்து, பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்லிப் பாயில் வைக்கவேண்டும். ரீச்சருக்கு இருவர், சாம்பியாக்காரருக்கு மூவர், எங்களுக்கு இருவர். "எங்கட பிள்ளையளுக்கும் ஏன்?" என்றாள் மனைவி. முற்றத்தில் நிற்கிற பிள்ளைக்கெல்லாம் உண்டு என்றார் ரீச்சர்.

அப்போது வேலி இடுக்கால் மறுபக்கத்து வீட்டு வெள்ளைக்காரச் சிறுமி நுழைந்து பாயோரம் வந்து குந்தினாள். ரீச்சர் பெயரைக் கேட்டார். எட்டாவது கதிரை எடுத்து, "எமிலி" என்று சொல்லி வைத்தார். அடுத்த நிமிடம் தகப்பன் வந்தார். எங்களில் ஒருவரையும் பார்க்காமல், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது.

சாம்பியாக்காரரின் மனைவி குனிந்து அந்தக் கதிரை எடுக்கப்போனார். "வையுங்கள்" என்றார் ரீச்சர். "அவளுக்கு வைத்தது. அப்பா கூட்டிக்கொண்டு போனது அவளை, கதிரை அல்ல."

ரீச்சரின் மகள் எழுந்து எங்கள் ஏழு பிள்ளைகளின் பெயர்களையும் மறுபடி முதலிலிருந்து, பதிவேடு வாசிப்பதுபோலச் சொன்னாள். கடைசியில் எமிலி என்றாள், வேலிப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி.

இன்று இந்த நகரத்தில் ஆபிரிக்கச் சமூகங்கள் பெரிய மண்டபங்களில் தங்கள் பெயரிலேயே விழா எடுக்கின்றன. ரீச்சர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அதுவரை ஒவ்வொரு ஆண்டும் முற்றத்தில்தான் பாய் விரித்தார். எமிலி பிறகு ஒருநாளும் வரவில்லை. அவள் கதிர் மட்டும் எல்லா ஆண்டும் பாயில் இருந்தது. பெயர் சொல்லும் முறை வரும்போது ரீச்சர் ஒருமுறைகூடக் குரலைத் தாழ்த்தவில்லை.