மகளிடம் ‘நீங்கள் யார்?’ என்று கேட்டவன்

என் கைப்பேசியில் ஒரு செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நான் அனுப்பியதுதான். ‘நீங்கள் யார்?’ என்று இரண்டே சொற்கள். அது போய்ச் சேர்ந்தது என் மகளிடம். அப்போது அவள் வளைகுடா நாடு ஒன்றின் விமான நிலையத்தில், அடுத்த விமானத்தின் கதவை மூட முக்கால் மணி நேரமே இருக்க, தனியாக நின்றுகொண்டிருந்தாள். நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசி ஒலித்தால் என் கை ஒரு நொடி தயங்குகிறது.

ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போடுவது என் தொழில். முன்பு கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் நிரப்பினேன். இப்போது அதையே கம்ப்யூட்டர் திரையில் செய்கிறேன். நான் தரும் டிசைன் அட்டை அடிக்கும் கடைக்குப் போகும். அங்கே துளையிட்ட அட்டைகளாக மாறித் தறியின் மேல் ஏறும். ஒரு கட்டம் பிசகினால் அந்தப் பிசகு சேலை நெடுகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். முப்பது வருடம் இப்படிக் கட்டங்களையே முறைத்துப் பார்த்ததாலோ என்னவோ, எனக்கு எதிலும் சந்தேகம்தான். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நர்சிங் முடித்த மகளுக்கு அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது தெருவே இனிப்பு கேட்டது. நான் மட்டும், வழியில் எத்தனை விமானம் மாற வேண்டும் என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரே நம்பர். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கல்லூரி, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் என் நம்பர்தான். மகள் வேலைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து, அவளுடையதை மட்டும் அவள் நம்பருக்கு மாற்றிவிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போட்டேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. அவள் எங்கே எதைத் திறந்தாலும் என் கைப்பேசி ஒருமுறை அதிரும். அந்த அதிர்வு எனக்கு வேண்டியிருந்தது.

அவள் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு எதிர்வீட்டுக்காரர் ஏமாந்துபோனார். வெளியூரில் படிக்கும் மகனின் நம்பரிலிருந்து, ‘ஓடிபி வரும், அனுப்புங்க’ என்று செய்தி வந்திருக்கிறது. அனுப்பிவிட்டார். அன்று மாலைக்குள் அவருடைய கணக்கு யார் கைக்கோ போய், அவர் பெயரில் தெரு முழுக்க உதவி கேட்டுச் செய்தி வந்தது. மகள் அந்த வாரம் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுத்தாள். எனக்கும் என் மனைவிக்கும் தனி வகுப்பு. விமான நிலையத்து வைஃபையைப் பற்றிச் சொன்னாள். அது பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி, பக்கத்தில் யார் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியாது, அதனால் அங்கிருந்து வருவதை அப்படியே நம்பக்கூடாது என்றாள். கடைசியாகச் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

“என் பேர்ல கேட்டாலும் குடுக்காதீங்கப்பா. குரலைக்கூட இப்பல்லாம் அப்படியே செஞ்சுடறாங்க. நானே அழுதுகினு கேட்டாலும் குடுக்காதீங்க.”

அவள் போன அன்று காலை சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நாங்கள் நின்றோம். கவுண்டரில் வேலை அனுமதிக் கடிதத்தைக் காட்டி முடித்துவிட்டதாக உள்ளேயிருந்து போனில் சொன்னாள். பெட்டி போவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடு என்றேன். பட்டுச் சேலையோடு பஸ் ஏறும் ஊர்க்காரன் புத்தி அது. விலை உயர்ந்த சேலையை நாங்கள் கைப்பையில் வைப்பதில்லை. பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று மூட்டையின் நடுவில்தான் வைப்போம். கையில் இருக்கட்டுமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை. அப்பா பேஜார் பண்ணாமல் ஊருக்குப் போகட்டும் என்று பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

நாங்கள் ஆரணிக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது அவள் நம்பரிலிருந்து முதல் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். சென்னையிலிருந்து விமானம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. அடுத்த விமானத்தின் வாசலில் வேலை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்கிறார்கள். கடிதம் பெட்டியில் போய்விட்டது. அதன் நகல் மின்னஞ்சலில் இருக்கிறது. ஆனால் பயணத்துக்கென்று வாங்கிய புது போனில் அந்த மின்னஞ்சலை இதுவரை திறந்ததில்லை. திறக்க ஓடிபி வேண்டும். அது என் நம்பருக்குத்தான் வரும். அவளுடைய சிம் அங்கே வேலை செய்யவில்லை, நிலையத்து வைஃபையில்தான் எழுதுகிறாள், அதில் போன் பேச முடியவில்லை. ‘அப்பா ஓடிபி அனுப்புங்க, ஜல்தி’ என்று முடிந்திருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு எண்கள் வந்து விழுந்தன.

எதிர்வீட்டுக்காரருக்கு வந்தது மாதிரியே இருந்தது. அவள் நம்பரைக் கூப்பிட்டேன்; புரியாத மொழியில் பதிவு செய்த ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. அப்போதுதான் அந்த இரண்டு சொற்களை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. “அப்பா, நான்தாம்பா.” அவள் குரல்தான். கொஞ்சம் உடைந்திருந்தது. அவள்தாங்க, குடுத்துடுங்க என்று மனைவி என் கையைப் பிடித்தாள். நானே அழுதாலும் குடுக்காதீங்க என்று அதே குரல்தானே சொல்லியிருந்தது? கொடுத்தால் அவளுடைய கடிதம், சான்றிதழ் எல்லாம் எவன் கைக்கோ போகலாம். கொடுக்காவிட்டால் விமானம் போய்விடும்; வேலையில் சேர வேண்டிய நாள் தவறிவிடும். குரல் செய்தியை நம்ப மாட்டேன், நீயே சொல்லிக்கொடுத்ததுதான் என்று எழுதினேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவளிடமிருந்து வந்தது இது: ‘கரெக்ட்டுப்பா. எதுனா கேளுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சது கேளுங்க.’

பிறந்த நாளைக் கேட்கப் போனேன். பள்ளிக்கூடத்தின் பெயர்? “அதெல்லாம் அவ போட்ட எல்லா ஃபாரத்துலயும் இருக்குது. இன்னா மனுஷன் நீங்க,” என்றாள் மனைவி. அதற்குள் வந்திருந்த எண்கள் காலாவதியாகிவிட்டன. மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அன்னப்பட்சி பார்டரில் என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னாள்.

அன்னப்பட்சி பார்டர் நான் போட்டதிலேயே பெயர் வாங்கியது. கல்யாணச் சேலைக்காக, ஜோடி அன்னங்கள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று பார்ப்பது போல. மகள் பன்னிரண்டாவது படித்தபோது போட்டேன். அதைச் சொல்லி நான் பெருமையடிக்காத கல்யாண வீடு இல்லை. அதில் எனக்குத் தெரியாமல் என்ன நடந்திருக்க முடியும்? அப்படியே கேட்டு அனுப்பினேன்.

அவள் எழுதுகிறாள் என்று திரையில் காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது. இன்னும் இருபது நிமிடத்தில் கதவை மூடிவிடுவார்கள். அந்த நேரத்திலும் அவள் யோசிக்கிறாள். முதலில், ‘அம்மா கேக்கச் சொன்னாங்களா?’ என்று வந்தது. பிறகு மொத்தமாக வந்தது. ‘வலது பக்க அன்னம் முதுகைக் காட்டினு நின்னுச்சு. நீங்க கடைக்குக் குடுத்துட்டு வந்துட்டீங்க. அடுத்த நாள் காலைல நான் பார்த்து மாத்துனேன். அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். சாரிப்பா.’

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். கல்யாணச் சேலையில், சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒரு ஜோடியை நான் நிற்க வைத்திருக்கிறேன். அவள் பார்த்திருக்காவிட்டால் அது சேலை நெடுக வந்திருக்கும். அதற்கா இத்தனை வருடம் மாலை போட்டுக்கொண்டேன் என்று வெட்கப்பட நேரம் இல்லை. மறுபடி ஓடிபி கேள் என்று எழுதினேன். புது எண்கள் வந்தன. ஒவ்வொரு எண்ணாக மனைவி வாய்விட்டுப் படிக்க, நான் தட்டி அனுப்பினேன். அதன் பிறகு பதினைந்து நிமிடம் ஒன்றுமே வரவில்லை. கடைசியில் ‘ஏறிட்டேன்’ என்று வந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

போய்ச் சேர்ந்து பேசியபோது அவள் சொன்ன முதல் வார்த்தை ‘நீங்க பாஸுப்பா’ என்பதுதான். “கேட்டதும் குடுத்திருந்தீங்கன்னா, திரும்பி வந்து உங்களைத் திட்டிட்டுத்தான் போயிருப்பேன்,” என்று சிரித்தாள். அவள் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள் என்று பலர் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் பெருமைப்படுவது அதற்கல்ல. மறித்து நின்றவன் தன் அப்பாவே என்றபோதும், தான் போட்ட விதிக்குத் தானே கட்டுப்பட்டு, கதவு மூடப்போகும் நேரத்தில் நிதானமாகப் பதில் சொன்னாளே, அதற்கு. அந்த வாரமே அவளுடைய எல்லாவற்றையும் அவள் அங்கே வாங்கிய நம்பருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் கடைசியாக ஒரு ஓடிபி என் போனுக்கு வந்தது. அவளே பேசிக் கேட்டாள்; படித்துச் சொன்னேன். அதன் பிறகு வரவில்லை.

இன்னொரு வேலை மிச்சமிருந்தது. அட்டை அடிக்கும் கடைக்குப் போய், அந்த அன்னப்பட்சி பார்டர் முழுக்க நான் போட்டதில்லை, என் மகள்தான் சரிசெய்தாள் என்று சொன்னேன். சொல்வதற்கு இரண்டு நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைக்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அது தெரியுமே. பாப்பாதான் சைக்கிள்ல வந்து வேற பென் டிரைவ் குடுத்துட்டுப் போச்சு. அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தபா வந்துச்சுங்களே.”

எந்த எந்த டிசைன் என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஒன்றைத்தான் வெளியே விட்டுவிட்டார், மற்றதைச் சொல்ல மாட்டாராம். நானும் வற்புறுத்தவில்லை. அங்கிருந்து கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என் பார்டர்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது அவளுடையதாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாக இருந்தவை எல்லாமே அவளுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது.