காராமணிக் கிண்ணம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ரத்தம் பார்க்கிற சாதுல்லாவுக்கு, தன்னைப் போல ஒரு ஆள் உளுந்தூர்பேட்டை வரைக்கும் கிடையாது என்று நினைப்பு. எண்பத்தாறாம் வருஷம், மெஷினா இருந்தது? மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெள்ளை அணு நூறு எண்ண வேண்டும். அண்ணனுடைய மளிகைக் கடையிலிருந்து தானியம் கொண்டுவந்து ஐந்து கிண்ணங்களில் வைத்திருந்தார். எந்த வகை அணு தென்படுகிறதோ, அதற்குரிய கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து டப்பாவில் போடுவார். நூறு சேர்ந்ததும் எது எத்தனை என்று எண்ணிச் சீட்டில் எழுதுவார்.

"துவரை நியூட்ரோபில். கிருமி நுழைஞ்சா மொதல்ல ஓடி சண்ட போட்டுச் சாவறவன். சீழுன்னு சொல்றமே, பாதி அவன் பொணந்தான். பச்சப்பயறு லிம்போசைட். வந்தவன் மூஞ்சிய வருஷக்கணக்கா ஞாபகம் வெச்சிருப்பான், என் பொண்டாட்டி ரஜியா மாதிரி. மொச்ச மோனோசைட். செத்தது கெடந்தது எல்லாத்தையும் முழுங்கி எடத்த சுத்தம் பண்றவன். காராமணி ஈசினோபில், புழுவுக்கும் அலர்ஜிக்கும். கறுப்பு உளுந்து பேசோபில். கண்ணுலயே பட மாட்டான், ஆனா எதுனா ஒண்ணுன்னா ஊரக் கூட்டுவான்." கேட்டாலும் கேட்காவிட்டாலும் வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பிரசங்கம் உண்டு.

வடக்கனந்தல் இருசம்மாளுக்கு ரெண்டு மாசமாக இருமல். சளியில் கிருமி இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டருக்கு டிபியோ என்று சந்தேகம்; ரத்தம் பார்த்து வரச் சொல்லி அனுப்பினார். அவள் விதைக்கு மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, பொறுக்குகிறவள். கூட வேலை செய்கிற பெண்கள் ஏற்கெனவே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்கள். டிபி என்று சீட்டு வந்தால் அந்த வேலையும் போச்சு.

கூட்டமான நாளில் சாதுல்லாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். துவரையையும் பயறையும் மட்டும் எண்ணுவார். ஈசினோபில் நாலு, மோனோசைட் ரெண்டு, பேசோபில் பூஜ்யம் என்று கை தானாக எழுதிவிடும். ஊர் முழுக்க எல்லாருக்கும் அதே நாலு. ஒருத்தரும் கேட்டதில்லை. இருசம்மாள் வந்த அன்றைக்கும் கூட்டம்; அதே நாலைத்தான் எழுதினார்.

"பாய், அந்தக் காராமணிக் கிண்ணத்துல கையே வெக்கலியே. எழுதிட்டீங்களே?" என்றாள் இருசம்மாள்.

"உனுக்கு இன்னாம்மா தெரியும்?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாள் பூரா கொட்டையையும் கையையும் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறவ. எடுக்கலன்னா எடுக்கலதான?"

சாதுல்லாவுக்குச் சுருக்கென்றது. நாலைக் காட்டி இவள் வாயை அடைத்துவிடலாம் என்று வீம்பாகக் கண்ணை வைத்தார். சிவந்த மணிகள் நிறைந்த ஈசினோபில் ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. தள்ளிப் பார்த்தால் மூன்று. சாயம் கூடிப்போச்சோ என்று புதுசாக ஒரு கண்ணாடித் துண்டில் ரத்தம் பூசிப் பார்த்தார். அதிலும் அதே கதைதான். நூற்றுக்கு நாற்பத்தொன்று! எழுதிய நாலை அடித்துத் திருத்தி, சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு இருசம்மாளோடு டாக்டரிடம் போனார்.

சீட்டைப் பார்த்த டாக்டர் துள்ளி எழுந்தார். "டிபி இல்லம்மா, ஈசினோபீலியா. கொசு கொண்டாந்த புழுவோட உங்க ஒடம்பு சண்ட போடுது. மூணு வாரம் மாத்திரை போடுங்க." சாதுல்லா பக்கம் திரும்பி, "உன் கண்ணுதான்யா கண்ணு!" என்றார். சாதுல்லா மறுப்பாரா? பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

ரஜியாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். "அப்ப மத்தவங்களுக்கெல்லாம் எழுதின நாலு?" என்று கேட்டாள் அவள். பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்துவிட்டார். அப்படி ஒரு வெட்கம்.

அடுத்த மாசம் இருமல் இல்லாமல் படியேறி வந்தாள் இருசம்மாள். இருமியது கூட வந்த நாத்தனார் அம்சவள்ளி.

"இவளுக்கும் பாருங்க பாய். நான் இங்கயே நின்னுக்கினு இருக்கேன்."

சாதுல்லா ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்து, ஐந்து கிண்ணமும் நன்றாகத் தெரிகிற பக்கத்தில் இருசம்மாளுக்குப் போட்டார்.