எலுமிச்சம்பழம் நசுக்காத லாரி

நாமக்கல்லில் புது லாரி முதல் லோடுக்குக் கிளம்பினால், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யாரும் கியர் போட மாட்டார்கள். ராஜம்மாளின் கணவன் ராசுவும் அப்படிக் கிளம்பியவன்தான். தொப்பூர் மலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அழுது ஓய்ந்த வீட்டுக்குத் தினமும் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள் பக்கத்துத் தெருக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி. அவளோடு சபைக்குப் போன ராஜம்மாள் மறுவருடமே ஞானஸ்நானம் எடுத்தாள்.

இப்போது ராஜம்மாள் பெயரிலேயே ஒரு புது லாரி. முதல் லோடாகப் பெங்களூருக்கு முட்டை ஏற்றியாகிவிட்டது. டிரைவர் செல்லமுத்துதான் ஏற மறுக்கிறான். அவன் எடுக்காவிட்டால் லோடு வேறு வண்டிக்கு மாறும். அந்தம்மா வண்டிக்கு டிரைவர் நிற்க மாட்டான் என்று ஊரே பேசும்.

“பழம் வெக்காம எடுக்க மாட்டேனுங்க அக்கா.”

“எங்க வீட்டுக்காரரும் பழம் வெச்சுத்தான் போனாரு.”

“சரி, உங்க சாமி சிலுவையாச்சும் கண்ணாடியில கட்டுங்க. எனக்கு மனசு நிக்கும்.”

ராஜம்மாளின் பைக்குள் ஒரு சிலுவை இருந்தது. கை போனது, பாதியில் நின்றது. பழம் இருந்த இடத்தில் வைத்தால் அதுவும் பழம்தானே?

“வேண்டாம் தம்பி. ஏசப்பா தாயத்து இல்ல, என் ரட்சகரு. வண்டி கவுந்தாலும் என் கையை உடமாட்டாரு. எனக்கு அது போதும்.”

“உங்களுக்குப் போதுமுங்க. ஸ்டியரிங்ல உக்கார்றது நானில்லீங்களா?”

அது சுருக்கென்று தைத்தது. நியாயமும்கூட. ராஜம்மாள் வீட்டைப் பூட்டினாள். ஒரு போர்வையோடு கேபினுக்குள் ஏறினாள்.

“நானும் வாரேன். மொதல்ல பிரேக்கைப் பாரு. ஏசப்பாவை நம்பறேன்னு பிரேக் பாக்காம போகச் சொல்லல.”

முட்டையை இறக்கிவிட்டு, கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். தொப்பூர் இறக்கம் வந்தது. அவள் கை கேபின் கம்பியைப் பற்றியிருந்தது, உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன.

“பயமா இருக்குதுங்களாக்கா?”

“இருக்குது. அதனாலதான் கெட்டியாப் புடிச்சிருக்கேன்.”

“கம்பியையா?”

“அவரை. கம்பியையுந்தான். நீ ரோட்டைப் பாரு!”

செல்லமுத்து சிரித்துவிட்டான். ராசு விழுந்த வளைவில் அவனாகவே வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டட்டுமா என்பதுபோல் திரும்பினான். ராஜம்மாளுக்குக் கண் நிறைந்திருந்தது, மூடவில்லை.

“நிறுத்தாத. போ.”

வளைவு தாண்டியதும் அவன் தொண்டையைச் செருமினான்.

“அடுத்த லோடுக்கு நீங்க வர வேண்டாமுங்க. நானே எடுத்துக்கறேன்.”

“பழம்?”

“அதான் வண்டி ஓடுதுங்களே.”