கான்ஸ்டபிள் தளவாயின் இடது கால்

விசிலை வாயில் வைப்பதற்கு முன் தளவாய் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். ஐந்து தடவை, ஆறு தடவை. அப்புறம்தான் விசில். அதற்கும் பிறகுதான் குரல்.

"ஏலே, கம்பியைத் தாண்டாத. ஒன் மண்டை ஒடஞ்சா ரிப்போர்ட்டு எழுதுதது நான்லா?"

சுதந்திரம் வந்த வருஷம் போலீஸில் சேர்ந்தவர். பதினோரு வருஷமாகச் சாரல் காலத்தில் குற்றாலம் பெரிய அருவியில் டூட்டி. மற்ற மாதங்களில் தென்காசித் தேரோட்டம், பாவூர்சத்திரம் சந்தை, எங்கே கூட்டமோ அங்கே. அருவித் தண்ணீரில் செம்மண் நிறம் லேசாக ஏறினாலே போதும், மேலே மழை என்று சொல்லிக் குளிப்பவர்களை வெளியேற்றிவிடுவார். காபி கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். மேலகரத்திலிருந்து தினமும் குளிக்கப் போகும் எனக்கு அவர் உட்கார்ந்து பார்த்த ஞாபகமே இல்லை.

அரைக்கால் சட்டைக்கும் செருப்புக்கும் நடுவே அவர் சுற்றிக்கொள்ளும் கம்பளிப் பட்டிக்குள் என்ன இருந்தது என்பது மனைவி வடிவாம்பாளுக்கு மட்டுமே தெரியும். இடது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நரம்புகள் மண்புழுக்களைப் போலச் சுருண்டு புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஒரு புண் ஆறுவதும் உடைவதுமாக இருந்தது.

"டாக்டர்ட்ட காட்டுங்களேன்னு நானும் வாரத்துக்கு ஒருக்கா சொன்னேன். கேட்டாத்தான?" என்றாள் வடிவாம்பாள் பிற்பாடு என்னிடம்.

அவருக்கு டாக்டர் மீது பயமில்லை. டாக்டர் எழுதிவிடக்கூடிய ஒரு சொல்லின் மீதுதான் பயம். "அன்ஃபிட்னு ஒரு வரி எழுதிட்டார்னா சோலி முடிஞ்சிது. மூணு பொட்டப் புள்ளைய இருக்கு வீட்டுல." அதனால் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார்.

சென்ற வருஷம் ஆடியில் ஒரு காலை. நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். தளவாயின் காலடியில் ஓடிய தண்ணீர் சிவந்தது. "யாருலே அடிபட்டது?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரும் குனிந்து பார்த்தார். பட்டி நனைந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

உடம்பெல்லாம் எண்ணெயோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். தென்காசியில் புதிதாக வைத்தியசாலை திறந்திருந்த டாக்டர் அருமைநாயகம்.

"படும்வே. இங்கனயே படும்."

தளவாயைப் பாறையில் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தம் தோளில் வைத்துக்கொண்டு, பட்டியை அவிழ்த்தார். கட்டைவிரலை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினார். கொட்டிய ரத்தம் நின்றுவிட்டது.

"ஐயா, காலை எடுத்துருவீகளா?" படுத்தபடியே தளவாய் கேட்டார்.

"காலை எதுக்கு எடுக்கணும்? ஊசி போட்டு இந்த நரம்பை அடைச்சிரலாம்."

"அடைச்சா ரத்தம் எங்கன போவும்?"

"உள்ள நல்ல நரம்பு கெடக்கு, அது வழியாப் போவும். இது மடை கெட்ட வாய்க்கால். மேல போவ வேண்டியது திரும்பி வந்து தேங்குது."

புண்ணை முதலில் ஆற்றினார்கள். பிறகு ஆறு வியாழக்கிழமைகள் ஊசி. தளவாயை முக்காலி மேல் நிற்கவைத்து, புடைத்த இடங்களில் பேனாவால் புள்ளி வைப்பார் டாக்டர். அப்புறம் படுக்கவைத்து ஊசி. பஞ்சு வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டு. முதல் நாள் தளவாய் மாட்டுவண்டி பேசி வாசலில் நிறுத்தியிருந்தார். டாக்டர் வெளியே வந்து வண்டியை அனுப்பிவிட்டார். "ஊசி போட்டா படுக்கப்படாது. நடந்து போம். நடந்தாத்தான் கொணமாவும்." வீட்டில் பாயை விரித்து, தலையணை எடுத்துவைத்துக் காத்திருந்த வடிவாம்பாள், புருஷன் தெருவில் நடந்து வருவதைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

ஸ்டேஷனில் கொடுக்க டாக்டர் தந்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. தளவாய் அதை என்னிடம் கொண்டு வந்தார். வேலை பார்க்கத் தகுதியானவர், அசையாமல் நிற்க மட்டும் கூடாது, அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

"ஃபிட்னுதான போட்டிருக்கு? முன்னால 'அன்' கிடையாதே?"

"இல்லை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

புடைத்த நரம்புகள் முதலில் கயிறாகக் கெட்டிப்பட்டன. பிறகு தேய்ந்து பழுப்புக் கோடுகளாயின. முழங்காலுக்குக் கீழே ஒன்று மட்டும் அடங்காததால், இந்தச் சித்திரையில் அதற்கு இன்னொரு ஊசி போட்டார்கள். புண் திரும்ப வரவில்லை.

போன வாரம் சாரல் விட்ட நேரம். அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான் விற்கும் முப்பிடாதியம்மாள் கூடையை இறக்கிவிட்டு, சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அவள் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்ததைத் தளவாய் தூரத்திலிருந்தே கவனித்திருக்கிறார்.

"ஆச்சி, கால்ல நரம்பு சுருட்டிக் கெடக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா," என்றாள். சேலை இன்னும் கீழே இறங்கியது.

தளவாய் அவளுக்கு எதிரே கிடந்த கல்லில், ஆயிரம் பேர் போய் வருகிற அந்த வழியில், உட்கார்ந்தார். இடது காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்து, நிதானமாகப் பட்டியைச் சுற்று சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.