நாறிய பயிருக்கு நிவாரணம்

பயிர் நிவாரணம் எழுதுகிற வேலையில் ஒரு விசேஷம்: நல்லா விளைந்த வருஷம் நம்மை நாய்கூடச் சீண்டாது, புயல் அடித்துவிட்டால் மாப்பிள்ளை மரியாதைதான். ஊர் ஊராக வரப்பில் நடந்து செருப்புத் தேய்ந்த சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் கடப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

வந்து போன வெள்ளம்

அந்தக் கார்த்திகையில் ஏரி வழிந்து பள்ளத்து வயல்கள் எல்லாம் முழுகிவிட்டன. எல்லம்மாவின் ஒரு ஏக்கர் நெல் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகிப்போனது. புருஷன் இல்லாதவள், கம்மலை அடகு வைத்து நட்ட பயிர். நிவாரணம் வந்தால்தான் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க முடியும். அதற்குச் செங்கல்பட்டு அதிகாரி நேரில் வந்து சேதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பக்கத்து வயல் முனுசாமிக்கு மேட்டு நிலம். பயிர் ஜம்மென்று நின்றது. அவனும் பெயர் எழுதச் சொல்லி வந்து நின்றான். "உன் வயலில் வெள்ளம் எங்கேய்யா?" என்று எரிந்து விழுந்தேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்: "வந்துச்சி சார், நீ வர லேட்டாச்சின்னு பூட்ச்சி."

சிங்காரித்த கழனி

"வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றார், உன் வயலைப் பார்ப்பார்" என்று எல்லம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. மடையை வெட்டித் தண்ணீரை வடித்து, அழுகிய பயிரைப் பிடுங்கிக் கூடை கூடையாய்ச் சுமந்து எங்கேயோ கொட்டி, சேற்றை மட்டம் பண்ணி வைத்திருந்தாள். கழனி ஓரத்தில் கோலம் வேறு.

"அடப் பாவமே, அழுகினது இருந்தாத்தானேம்மா பணம்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். விவரம் கெட்டவன் நான்தான் என்பது போல என்னைப் பார்த்தாள். "பெரிய மனுசன் நம்ப கயினிக்கு வராரு, அந்த நாத்தத்துலயா சார் நிக்க வெப்பாங்க?"

மோட்டார் போட்ட வெள்ளம்

ஜீப் வந்தது. அதிகாரி எல்லம்மாவின் கழனியைப் பார்த்தார். "இதுல என்னய்யா சேதம்?" என்று நகர்ந்துவிட்டார். அடுத்த வயலுக்கு வந்தால், முனுசாமியின் மேட்டு நிலத்தில் முழங்கால் தண்ணீர்! வரப்பில் குப்பென்று நாறிக்கொண்டு ஒரு பயிர்க் குவியல். எல்லம்மா கொண்டுவந்து கொட்டியது அங்கேதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "எல்லாம் அழுவிப் பூட்ச்சி சாமி" என்று முனுசாமி துண்டால் கண்ணைத் துடைத்தான். அதிகாரி பேனாவைத் திறந்தார். எல்லம்மாவின் முகம் செத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து போயிருந்த கரண்டு வந்தது. கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும்படி வைத்திருந்தான் அந்த மகராசன். பம்புசெட் உறுமி, குழாயிலிருந்து தெள்ளத்தெளிந்த 'வெள்ளம்' வயலுக்குள் கொட்டியது. கூடையிலிருந்து சிந்திய சேறும் தாளும் தன் கழனியிலிருந்து அந்தக் குவியல் வரைக்கும் வழியெல்லாம் கிடந்ததை எல்லம்மா கையை நீட்டிக் காட்டினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அதிகாரியிடம் நிதானமாகச் சொன்னாள்: "நாத்தம் என்னுது சார். வரப்பு மட்டுந்தான் அவனுது."

வரப்பு வாடகை

அவள் பெயரை அங்கேயே எழுதிவிட்டு, முனுசாமியை ஒரு முறை முறைத்துவிட்டு ஜீப் ஏறினார் அதிகாரி. நிவாரணம் வந்து, எல்லம்மா அடுத்த நவரைப் பட்டத்துக்கு விதை வாங்கினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முனுசாமி மட்டும் அடங்கவில்லை. வழியில் என் சைக்கிளை மறித்துக்கொண்டு நியாயம் கேட்டான்: "அவ பயிரு என் வரப்புல தங்கிச்சே சார், அதுக்கு இன்னா வாடகைன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

கண்ணால் பார்த்தால்தான் காசு என்பது சட்டம்; அன்றைக்கு எல்லம்மாவைக் காப்பாற்றியது என்னவோ அரசாங்கத்தின் மூக்குதான்.