பனங்காட்டு உண்ணியும் அத்தையின் விரலும்

தெளுவு என்கிற பதநீரைக் காய்ச்சும் மாதங்களில் எங்கள் உடம்பில் உண்ணி இல்லாத நாள் கிடையாது. பங்குனியில் பனை பாளை விட்டதும் எருமப்பட்டிக்கு வடக்கே இருந்த பனங்காட்டுக்குக் குடும்பத்தோடு போய்க் குடிசை போட்டுவிடுவோம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மரம் ஏறித் தெளுவு இறக்குவார்கள். என் மாமியார் அதைக் கொப்பரையில் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார். அடுப்புக்கு ஓலையும் மட்டையும் பொறுக்கி வருவது என் வேலை. தை, மாசியில் அதே காட்டில் செம்மறி ஆட்டுக்காரர்கள் நிழலுக்குப் பட்டி போட்டிருப்பார்கள். ஆடு போய்விடும், உண்ணி போகாது. புல் நுனியிலும் காய்ந்த ஓலைக்கு அடியிலும் பசியோடு உட்கார்ந்துகொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று காத்துக் கிடக்கும். வருகிறவள் யார்? நான்தான்.

ஏறும்போது தெரியாது, சனியன். எள்ளுப்போல இருக்கும். சேலை சொருகிய இடம், அக்குள், பிடரி என்று மறைவாக இடம் பார்த்துக் கடித்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் துவரம்பருப்பு அளவுக்கு ஊதிவிடும். அவசரப்பட்டுப் பிய்த்தால் உடம்பு கையோடு வரும், வாய் தோலுக்குள்ளேயே நிற்கும். அந்த இடம் பழுத்துச் சீழ் வைத்து மாதக்கணக்கில் அரிக்கும். முன்பக்கம் என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். முதுகை என்ன செய்வது?

நான் வாக்கப்பட்டு வந்த முதல் பருவத்தில் என் முதுகை மாமியார்தான் பார்த்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கொப்பரை இறக்கிக் கொட்டாங்குச்சிகளில் பாகு ஊற்றி முடிந்ததும், பொழுது சாய்வதற்குள், குடிசைக்கு முன்னால் என்னை உட்கார வைப்பார். ஓலை ஈர்க்கு ஒன்றைக் கிழித்து, தெளுவு பிடிக்கும் முட்டிப் பானைக்குப் பூசும் சுண்ணாம்பில் அதன் நுனியைத் தொட்டு, உண்ணியின் மேல் ஒரு பொட்டு வைப்பார். பிறகு சித்த நேரம் சும்மா இருப்பார். அந்த நேரமெல்லாம் அவருடைய இடது கை என் தோளில் இருக்கும். பிடி தளர்ந்ததும் ஈர்க்கை அடியில் கொடுத்து நெம்பி எடுத்து அடுப்பில் போடுவார். டப்பென்று வெடிக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கைக்காகத்தான் பகலெல்லாம் வேகாத வெயிலில் மட்டை பொறுக்கினேன். எனக்கு நடை வருவதற்கு முன்பே என் அம்மா போய்விட்டாள். அப்பனுக்குக் கள்ளுக்கடையே கதி. யாரும் என் தோளில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்ததில்லை.

அடுத்த பருவத்தில் என் கொழுந்தனார் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். வேறு யாருமில்லை, அத்தையின் சொந்த அண்ணன் மகள். மேட்டூரில் அணை கட்டுகிற வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சிமெண்டுத் தரையில் வளர்ந்தவளாம். காலை மண்ணில் வைப்பதற்கு முன் குனிந்து பார்ப்பாள். எனக்கு அத்தை தாலி கட்டியதால் அத்தை, அவளுக்குப் பிறந்ததிலிருந்து அத்தை. போதாதா?

வந்த அன்றைக்கே கொப்பரைக்குப் பக்கத்தில் மணை போட்டு அவளை உட்கார வைத்துவிட்டார். பாகு பதம் பார்க்க நான் ஒரு வருஷம் கேட்டும் கிடைக்காத இடம்.

"அவ சின்னவ, வெயில் தாங்க மாட்டா. நீ பளகுனவ" என்றார் என்னிடம்.

பழகினவளாம்! வெயிலை யாராவது பழகுவார்களா?

அவள் காட்டுக்குள் போவதே கிடையாது. மத்தியானம் ஆண்களுக்குக் கூழ் கொண்டுபோகிற நேரத்தில் ஒற்றையடிப் பாதையில் போய்த் திரும்புவாள், அவ்வளவுதான். அதில் எப்போதாவது ஒரு உண்ணி ஏறிவிடும். உடனே காடே அதிரும்படி ஒரு கத்து. "ஐயோ அத்தே! உண்ணி! உண்ணி!" இரண்டு கையையும் உதறிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பாள். பாகு பொங்கினாலும் சரி, போட்டது போட்டபடி அத்தை ஓடுவார். "இரு கண்ணு, அசையாத சாமி" என்று மடியில் சாய்த்துக்கொள்வார். ஒரே ஒரு உண்ணிக்கு அரை நாழிகை கொஞ்சல்.

நான் உடம்பெல்லாம் உண்ணியோடு வந்து நிற்பேன். "என்ற கண்ணு பூத்துப்போச்சு. உன்ற ஊட்டுக்காரன்கிட்டக் காட்டு" என்பார். அவள் பிடரியில் மட்டும் அந்தக் கண்ணுக்குக் கடுகளவு உண்ணியும் தெரிந்தது எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு அரிவாள் பிடித்த கை. பிடித்து ஒரே இழு. முதுகில் அங்கங்கே வாய் நின்று புண்ணாகி, நான் மல்லாந்து படுத்தே வெகு நாளாயிற்று. வயிறெரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது, அவள் சும்மா இருந்தாலும் எரிந்தது. ஒருநாள் அவளே வந்து, "அக்கா, நான் பாக்கட்டுங்களா?" என்று முதுகுப்பக்கம் உட்கார்ந்தாள். "போடி அக்கட்டால! எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டேன். எனக்கு வேண்டிய கை அவளுடையது இல்லை.

அந்த வருஷங்களில்தான் எங்கள் ஜில்லாவில் கள் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. தெளுவு இறக்கலாம், ஆனால் மரத்தில் கட்டுகிற முட்டி ஒவ்வொன்றுக்கும் உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்க வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் தெளுவு இனிப்பாகவே நிற்கும். இல்லாவிட்டால் விடிவதற்குள் புளித்து நுரைத்துக் கள்ளாகிவிடும். சோதனைச் சேவகர் ஒருவர் எந்த நேரத்திலும் வந்து நிற்பார். ஒரு முட்டியில் கள் இருந்தாலும் மரம் ஏறுகிற அனுமதி போய்விடும், ஏறினவரை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள். அதனால் சுண்ணாம்பு பூசுகிற வேலையை மட்டும் அத்தை யாரிடமும் விடமாட்டார். பூசாத முட்டி கவிழ்ந்திருக்கும், பூசிய முட்டி வாய் மேலாக வெயிலில் காயும். அதுதான் எங்கள் வழக்கம்.

அன்றைக்கு நான் சுமையோடு வந்து நின்றபோது அத்தை முட்டி ஒன்றை மடியில் வைத்துச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து அவளுடைய கத்தல். இந்த முறை உண்ணி காதுக்குள் போய்விட்டதாம். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. மடியில் இருந்த முட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுண்ணாம்புச் சிரட்டையோடு ஓடினார். அவளை மடியில் படுக்க வைத்துக் காதுக்குள் நல்லெண்ணெய் விட்டு, ஈர்க்கால் தொட்டு, ஊதி, தடவி, "ஒண்ணுமில்லீடா சாமி, ஒண்ணுமில்ல" என்று... நான் தலைச்சுமையைக் கூட இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கண் முட்டியில் இல்லை, அந்த விரலில் இருந்தது.

மறுநாள் காலையில் ஆண்கள் மரத்திலிருந்து முட்டிகளை இறக்கிக் கொண்டுவந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் என் வீட்டுக்காரரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கித் துணியில் வடித்துப் பெரிய பானையில் ஊற்றினேன். எதிரே சேவகர் வந்து நின்றார். குனிந்து, ஊற்றி முடித்த முட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"சுண்ணாம்பெல்லாம் ஒழுங்கா பூசுறீங்களாம்மா?"

"ஆமாங்க சாமி. எங்க அத்தை கையாலதானுங்க" என்றேன்.

சொல்லிக்கொண்டே அடுத்த முட்டியை வாங்கினேன். மூக்கில் குப்பென்று அடித்தது. அந்த வாசனையில் வளர்ந்தவள் நான், எனக்கா தெரியாது? உள்ளே நுரை கட்டியிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மடியில் இருந்த முட்டி. அதைப் பூசாமலே வாய் மேலாக வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்; பழைய கறை வெள்ளையாக ஒட்டியிருந்ததால், பூசியாகிவிட்டது என்று நினைத்து ஆண்கள் மரத்தில் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சீமாட்டியின் காதுக்காக! அவளுடைய ஒரு உண்ணிக்கு என் புருஷன் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை இழுத்துவந்து சேவகர் முன்னால் நிறுத்திவிடலாம் போல இருந்தது. ஆனால் மரம் ஏறினவர் கையில்தானே விலங்கு போடுவார்கள்? சேவகர் அடுத்து என் கையில் இருந்ததற்குத்தான் கை நீட்டினார்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அவளுடைய கத்தல் என் வாயிலிருந்து வந்தது. "ஐயோ அத்தே! உண்ணி! உண்ணி!" அவளைப் போலவே இரண்டு கையையும் உதறினேன், அவளைப் போலவே ஒற்றைக் காலில் குதித்தேன். முட்டி போய் அடுப்பு வாயில் விழுந்து உடைந்தது. உஸ்ஸென்று புகையும் சாம்பலும் கருகல் நாற்றமும் எழும்பின. சேவகர் இருமிக்கொண்டு பின்வாங்கினார். பிறகு சிரித்துவிட்டார். "உண்ணிக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே மற்ற முட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைவதற்குள் அத்தை பிடித்துக்கொண்டார். "ஏண்டி, பனங்காட்டுல பருவம் பூராக் கெடக்கறவ நீ! உண்ணிக்குப் போயி முட்டியை ஒடச்சுப்போட்டயே! கண்ணு எங்கடி போச்சு?" கொப்பரை மணையில் உட்கார்ந்திருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய குதியை அவளே பார்த்துச் சிரிக்கிறாள், பாருங்கள். நான் வடிதுணியில் விழுந்த சாம்பலை உதறினேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

அத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டாஞ்சல்லிகளைப் பொறுக்கினார். அடிச்சில் ஒன்றில் கொஞ்சம் மிச்சம் நின்றிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். நகத்தால் உள்ளே சுரண்டிப் பார்த்தார். பிறகு தன் மடியைக் குனிந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் பாகு ஊற்றி முடிந்ததும், "வா கண்ணு. முதுகைக் காட்டு" என்றார்.

அவளைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் நகர்ந்து வழி விட்டேன்.

"உன்னைத்தான் சொல்றேன்."

உட்கார்ந்தேன். புண்களைப் பார்த்ததும், "அட சாமி" என்று மெதுவாகச் சொன்னார். இடது கை தோளுக்கு வந்தது. ஈர்க்கு, சுண்ணாம்பு, ஒரு பொட்டு, பிறகு சும்மா இருத்தல். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நல்லவேளை, முதுகுப் பக்கம் இருந்தவருக்கு அது தெரிந்திருக்காது. கொப்பரைப் பக்கம் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இல்லை. அந்தப் பார்வை எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த பார்வை. நான் ஒரு பருவம் முழுக்கப் பார்த்த பார்வை. எரியட்டும் என்று இருந்தது எனக்கு. வயிறு குளிர்ந்துபோய், "இன்னுங் கீழ இருக்குதுங்க அத்தை" என்றேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் தேடினார்.

மறுநாள் விடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. முட்டி உடைத்ததற்கு நேற்றோடு சரியாகிவிட்டது. இன்றைக்கும் கூப்பிட வேண்டுமென்றால் முதுகில் ஏதாவது இருக்க வேண்டுமே? அதனால் மட்டை பொறுக்கப் போகிற வழியில் பாதையை விட்டு இறங்கி, மாசியில் ஆட்டுப்பட்டி போட்டிருந்த இடத்துக்கே நேராக நடந்தேன். அங்கேதான் புல்லுக்குப் புல் உண்ணி.

எனக்கு முன்பே அங்கே ஆள் இருந்தது. புல்லுக்கு நடுவில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகி, சிமெண்டுத் தரையில் வளர்ந்தவள் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்னடி பண்றே?" என்றேன்.

"மட்டை பொறுக்க வந்தனுங்க அக்கா" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே.

அவள் பக்கத்தில் ஒரு மட்டை கூட இல்லை. நானும் உட்கார்ந்தேன்.